எந்த வயலில் விளைந்த இலை?

டில்லியில் மழை வலுத்துப் பெய்யும் மாதங்களில், ஹஜ்ரத் நிஜாமுத்தீன் ரயில் நிலையத்திலிருந்து ஜங்புரா நோக்கி நடந்து வருகிறவர்கள், இருப்புப்பாதையின் ஓரத்து மேடுகளிலும், பாரபுல்லா வடிகாலின் கரையிலும், இடிந்து நிற்கும் சுவர்களின் சந்துகளிலும், யாரும் விதைக்காமலும் யாரும் நீர் ஊற்றாமலும் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும் ஒரு செடியைக் காண்பார்கள். ஐந்தாகவும் ஏழாகவும் பிரிந்த இலைகளையுடைய அந்தச் செடியை வடநாட்டார் பாங்கு என்பார்கள். நம்மவர்கள் கஞ்சா என்பார்கள். அந்த வடிகாலின் கரையில்தான், 2025 ஜூன் 1-ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடித்து அகற்றப்படும் வரையில், மதராசி கேம்ப் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர்கள், அவர்களிலும் பலர் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், அங்கே குடியிருந்து, ஜங்புராவிலும் நிஜாமுத்தீனிலும் லாஜ்பத் நகரிலும் உள்ள வீடுகளில் பாத்திரம் துலக்கியும் சமைத்தும் குழந்தைகளைப் பராமரித்தும், தங்கள் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியும் கௌரவமாக வாழ்ந்தார்கள்.

கஞ்சாச் செடியைப் பற்றி எழுதப் புகுந்தவன் அந்த ஏழை ஜனங்களின் பெயரை எதற்காக இழுக்கிறான் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. அவர்களுக்கும் அந்தச் செடிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இன்று நம் தேசத்தில் சட்டத்தின் சம்மதத்தோடு விற்பனையாகிவரும் கஞ்சாச் சரக்குகளைப் பற்றி நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயத்தை, அவர்களுடைய வாழ்க்கையைக் கொண்டல்லாமல் வேறு எதைக் கொண்டும் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டத்தின் சம்மதத்தோடு என்று நான் எழுதியது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கஞ்சா நம் தேசத்தில் முழுக்க முழுக்கத் தடை செய்யப்பட்ட வஸ்து என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாச் சரக்காகக் கருதித் தடை செய்வது அந்தச் செடியின் பூக்கதிரையும் அதிலிருந்து எடுக்கும் பிசினையுமே; பூக்கதிரோடு சேராத இலையையும் விதையையும் அது தன் இலக்கணத்துக்கு வெளியே விட்டுவிட்டது. அப்படி விடப்பட்ட இடைவெளியில் இன்று மூன்று வகை வியாபாரங்கள் நடக்கின்றன. இலையை அரைத்துச் செய்யும் பாங்கு, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய ராஜ்யங்களில் சர்க்கார் உரிமம் பெற்ற கடைகளில் பகிரங்கமாக விற்கப்படுகிறது; 2025-26 ஆண்டுக்கான தன் ஆயத்தீர்வைக் கொள்கையில் உத்தரப் பிரதேச அரசாங்கம் மதுக்கடைகளோடு பாங்குக் கடைகளையும் மின்னணுக் குலுக்கல் மூலம் ஒதுக்க ஏற்பாடு செய்தது. விதையையும் விதை எண்ணெயையும் விதை மாவையும், 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவுப் பொருள்களாக அங்கீகரித்தது. மயக்கம் தரும் சத்தாகிய டி.எச்.சி. ஒரு கிலோ எண்ணெயில் 5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று அளவும் விதித்தது. மூன்றாவது, விஜயா என்ற பெயரில் இலைச்சாறு சேர்த்து, ஆயுர்வேத உரிமத்தின் கீழ்த் தயாராகும் எண்ணெய்களும் மாத்திரைகளும். வலிக்கும் தூக்கமின்மைக்கும் மனச்சஞ்சலத்துக்கும் இவை மருந்தென்று சொல்லப்படுகின்றன. சாகுபடிக்கும் கதவு திறந்துவிட்டது. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட உத்தராகண்ட் 2018-லேயே உரிமம் வழங்கத் தொடங்கியது. ஹிமாசலப் பிரதேசச் சட்டசபை 2024 செப்டம்பரில் இதே வழியில் தீர்மானம் நிறைவேற்றியது.

இந்த அனுமதிகள் சரியா, தவறா என்ற விவாதத்தில் நான் இறங்கப்போவதில்லை. குடிப்பழக்கத்தால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்ணால் கண்டவர்கள் எந்தப் புதிய மயக்கப்பொருளையும் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. புற்றுநோயின் வேதனையில் துடிப்பவருக்கு ஏதேனும் ஒரு சொட்டு நிவாரணம் கிடைக்குமானால் அதை மறுப்பது கொடுமை என்று நினைக்கிறவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் விற்கலாம் என்று அரசாங்கம் அனுமதித்த அந்த நிமிஷத்திலேயே வேறொரு கடமை அதன் தலைமேல் ஏறிவிடுகிறது. இந்தப் புட்டிக்குள் இருப்பது என்ன, எந்த வயலில் விளைந்தது, யார் பறித்தார்கள், எங்கே சாறெடுத்தார்கள், எந்தப் பரிசோதனைச் சாலை எந்தத் தேதியில் சோதித்தது என்பவற்றையெல்லாம், அதை வாங்கி உட்கொள்ளும் மனிதர் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துகொள்ள வகை செய்வதே அந்தக் கடமை.

மற்ற எந்த மூலிகையைக் காட்டிலும் இந்தச் செடிக்கு இது ஏன் அதிக அவசியம் என்பதற்குத் தாவர சாஸ்திரம் காரணம் சொல்கிறது. மண்ணில் உள்ள ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை வேரால் உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும் சுபாவம் இதற்கு மிகுதி. செர்நோபில் அணு உலை விபத்தால் பாழான மண்ணைச் சுத்தம் செய்ய முடியுமா என்று 1990-களின் இறுதியில் ஆராய்ந்தவர்கள் இந்தச் செடியின் நார் வகையை நட்டுப் பார்த்தது இந்தக் குணத்தைக் கருதியே. ஆகையால் கர்வால் மலைச்சரிவில், சுத்தமான ஊற்று நீர் பாய்ந்த வயலில் விளைந்த இலையும், டில்லியின் சாக்கடை நீரைக் குடித்து ரயில் பாதை ஓரத்தில் வளர்ந்த இலையும், கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் ஒன்றாகவே தோன்றினாலும், உடலுக்குள் சென்றபின் ஒன்றாக இரா. அம்மியில் அரைத்துவிட்டால் இரண்டும் ஒரே பச்சை விழுதுதான். ஹோலிப் பண்டிகையன்று தண்டாயி என்ற பானத்தில் கலந்து வரும் அந்த விழுது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வழக்கமும் இல்லை; கேட்டால் சொல்வதற்கு ஆளும் இல்லை.

வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மாள் ஒரு நாள் என்னிடம் கொண்டுவந்து காட்டிய புட்டியை இங்கே குறிப்பிட வேண்டும். மதராசி கேம்பில் பிறந்த பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தாயாகவும் பாட்டியாகவும் இருந்து, கேம்ப் இடிக்கப்பட்டபின் சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நரேலாவிலிருந்து விடிவதற்கு முன்பே பஸ் ஏறி வந்து, அதே ஜங்புரா வீடுகளில் வேலை செய்கிறவர் அவர். முழங்கால் வலி என்று சொன்னதைக் கேட்டு, வேலை செய்யும் வீட்டு எஜமானி தாம் பாதி உபயோகித்த மருந்தைக் கொடுத்திருக்கிறார். "ஐயா, நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு வுடச் சொன்னாங்க. வுட்டா மத்தியானம் வரைக்கும் தலை கிறுகிறுன்னு இருக்கு. இது என்ன தைலம்னு படிச்சுச் சொல்லுங்க. பஸ்ஸுல போலீஸ் பையைப் பார்த்தா ஏதாச்சும் ஆவுமா?" என்று கேட்டார்.

நான் வாங்கிப் பார்த்தேன். கையடக்கமான பழுப்புக் கண்ணாடிப் புட்டி. மூடியோடு சேர்ந்த சொட்டுக்குழாய். மேலே ஆங்கிலத்தில் அழகான எழுத்து. மலையும் மேகமும் வரைந்த படம். விஜயா இலைச்சாறு இத்தனை மில்லிகிராம் என்று இருந்தது. அதில் மயக்கம் தரும் சத்து எவ்வளவு, தராத சத்தாகிய சி.பி.டி. எவ்வளவு என்ற பிரிவினை இல்லை. தயாரிப்பு வரிசை எண் அச்சிட்டிருந்த இடத்தில் எண்ணெய் வழிந்து, முதல் இரண்டு எழுத்துக்களைத் தவிர மற்றவை அழிந்துபோயிருந்தன. ஓரத்தில் கறுப்புக் கட்டங்களாலான ஒரு கியூ.ஆர். குறியீடு இருந்ததைக் கண்டு, பரிசோதனை அறிக்கை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு கைபேசியால் படித்துப் பார்த்தேன். அதே கம்பெனியின் மற்றச் சரக்குகளை விற்கும் பக்கம் விரிந்தது. மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இருந்தது. இது சட்டம் கேட்கும் அளவுக்குச் சரியானதே. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் விஷத்தன்மையுள்ள நாட்டு மருந்துச் சரக்குகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஆயுர்வேதப் பகுதியில் பாங்கும், சித்த மருத்துவப் பகுதியில் கஞ்சாவும் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றைச் சேர்த்துச் செய்த மருந்தின்மேல் எச்சரிக்கை எந்த மொழிகளில் இருக்க வேண்டும் என்பதையும் அந்த விதிகளே சொல்கின்றன: ஆங்கிலம், ஹிந்தி. தமிழ் நூல்களின்படி செய்து தமிழ் நோயாளிக்குக் கொடுக்கும் சித்த மருந்துக்கும் சட்டம் வற்புறுத்துவது இந்த இரண்டு மொழிகளைத்தான்.

அந்த அம்மாளின் இரண்டு கேள்விகளுக்கும் என்னால் முழுமையான பதில் சொல்ல முடியவில்லை. இலைச்சாறு மட்டுமே என்றால் போலீஸுக்குப் பயப்பட வேண்டாம்; பூக்கதிரும் கலந்திருந்தால் குற்றம். எது கலந்தது என்பது செய்தவருக்குத் தெரியும். சோதித்தவர் உண்டென்றால் அவருக்கும் தெரியும். புட்டியை வைத்திருக்கும் மனிதருக்குத் தெரிவதற்கு வழியே இல்லை.

இதெல்லாம் மிகவும் நவீனமான பிரச்னை, கணினியும் குறியீடும் வந்தபின்தான் ஒரு சரக்கை வயல் முதல் வாங்குபவர் வரை தொடர்ந்து கண்காணிப்பது சாத்தியமாயிற்று என்று நினைப்பவர்கள், வங்காளத்தின் நௌகாவ் சரித்திரத்தை ஒருமுறை படிக்க வேண்டும். இன்று பங்களாதேஷில் உள்ள அந்த ஊரைச் சுற்றி, சுமார் பதினாறு மைல் வட்டத்துக்குள் மட்டுமே கஞ்சா பயிரிடலாம் என்று பிரிட்டிஷ் சர்க்கார் வரையறுத்திருந்தது. கஞ்சா மஹால் என்றே அதற்குப் பெயர். ஒவ்வொரு விவசாயிக்கும் உரிமம்; எந்த வயல், எவ்வளவு பரப்பு என்ற பதிவு; ஆண் செடிகளை அடையாளம் கண்டு பிடுங்கி எறிவதற்கென்றே தேர்ந்த கைகள்; அறுவடையானதும் உத்தியோகஸ்தர் கண்முன்னே நிறுத்து, சர்க்கார் கிடங்கில் பூட்டி வைத்தல்; வெளி ஜில்லாவிலிருந்து வரும் மொத்த வியாபாரி அனுமதிச் சீட்டைக் காட்டி வாங்குதல்; மூட்டைக்கு முத்திரை; போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடியும் எடை போட்டுச் சீட்டோடு ஒப்பிடுதல். தட்டையாக மிதித்தது, உருட்டியது, தூள் என்று மூன்று தரம் பிரித்து, தரத்துக்கொரு தீர்வை விதித்தார்கள். ஹேம சந்திர கேர் என்ற அதிகாரி 1877-இல் இவற்றையெல்லாம் விஸ்தாரமாக எழுதி வைத்திருக்கிறார். பின்னர் லண்டன் பார்லிமெண்டில் எழுந்த கேள்வியின் பேரில் 1893-இல் நியமிக்கப்பட்ட இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன், ஏறக்குறைய 1,200 சாட்சிகளை விசாரித்து ஏழு பாகங்களில் வெளியிட்ட அறிக்கையிலும் இந்த முறை விரிவாக இடம்பெற்றது. நம் சென்னை ராஜதானியிலும் சவ்வாது மலையில் மலையாளிகள் என்று வழங்கும் மலைவாழ் மக்கள் இச்செடியைப் பயிரிட்டதையும் அந்தக் காலத்து ஏடுகளில் காணலாம்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, மையும் காகிதமும் அரக்கு முத்திரையும் தராசும் மட்டுமே கொண்டு, ஒரு சேர் கஞ்சா வயலைவிட்டுப் புறப்பட்டது முதல் சில்லறைக் கடையை அடையும் வரையில் அதன் யாத்திரையை அணுவணுவாகத் தொடர்ந்த நிர்வாகத் திறமையைப் படிக்கும்போது மதிப்பு உண்டாவது இயற்கை. ஆனால் அந்தக் கணக்கு ஏடுகளை நோக்க நோக்க ஓர் உண்மை புலப்படும். எடை இருக்கிறது, தீர்வை இருக்கிறது, சேதாரம்கூட இருக்கிறது. அதைப் புகைத்தவரின் உடலுக்குள் என்ன சென்றது என்பதைச் சொல்லும் பத்தி அந்தக் கணக்கில் கிடையாது. கணக்கு எழுதப்பட்டது கஜானாவுக்காக. ஒரு மூட்டை வழியில் காணாமற்போனால் சர்க்காருக்கு நஷ்டம், ஆகவே தேடினார்கள். ஒரு மனிதர் உடல்நலம் கெட்டால் சர்க்காருக்கு நேரடி நஷ்டம் இல்லை. ஆகவே அந்த ஏடுகளில் அவருக்கு இடமில்லை. கஞ்சா விவசாயிகள் 1917-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, லாபத்திலிருந்து பள்ளிக்கூடங்களும் மருத்துவசாலைகளும் நடத்தியதை மட்டும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும். அதன் காரணம் பிறகு விளங்கும்.

அந்தப் பழைய குணம் இன்றைய மேல்நாட்டு முறைகளையும் முற்றிலும் விட்டுவிடவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் 2014 ஜனவரி முதல் தேதி கடை விற்பனை தொடங்கியபோது, ஒவ்வொரு செடிக்கும் வானொலி அலையால் படிக்கத்தக்க ஒரு சீட்டைக் கட்டி, நாற்று முதல் விற்பனை வரை கணினியில் பதியும் முறையையும் கொண்டுவந்தார்கள். பின்னர் பல ராஜ்யங்கள் அதைப் பின்பற்றின. செடி கள்ளச்சந்தைக்குப் போகாமல் தடுப்பதும் வரி தவறாமல் வசூலாவதுமே அதன் பிரதான நோக்கங்கள். அவற்றில் ஓரளவு வெற்றியும் கிடைத்தது. ஆனால் கலிபோர்னியாவில், அத்தனை சீட்டுகளும் முத்திரைகளும் தாங்கிச் சட்டபூர்வமான கடைகளுக்கு வந்த சரக்குகள் பலவற்றில் பூச்சிமருந்து கலந்திருந்ததை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை 2024 ஜூனில் பரிசோதித்து வெளியிட்டது. பரிசோதனைச் சாலைகளுக்குக் கூலி கொடுப்பவர் சரக்கின் சொந்தக்காரரே. யார் அதிக மயக்கச்சத்து என்று எழுதித் தருகிறார்களோ, யார் கண்டும் காணாமலும் இருக்கிறார்களோ, அவர்களைத் தேடி வியாபாரி போய்விடுகிறார். செடியின் யாத்திரை முழுவதும் பதிவாகியிருந்தும் அதன் உள்ளடக்கம் பொய்யாக இருக்கக்கூடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கனடா இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2018 அக்டோபர் 17 முதல் தேசம் முழுவதும் விற்பனையை அனுமதித்தபோது, டி.எச்.சி. அளவு, சி.பி.டி. அளவு, வரிசை எண், கட்டிய தேதி, எச்சரிக்கை ஆகியவற்றை ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் கட்டாயமாக்கியது. அங்கும், மறு ஆண்டிலேயே, கான்ட்ரஸ்ட் என்ற கம்பெனி ஒன்டாரியோவின் பெல்ஹாமில் உரிமம் இல்லாத அறைகளில் பயிர் செய்ததை அரசாங்கத்தின் சுகாதார இலாகா கண்டுபிடித்து, உரிமத்தை நிறுத்தி வைத்தது. அதைக் காட்டிக்கொடுத்தது எந்த இயந்திரமும் அன்று. அங்கே வேலை செய்த ஒரு தொழிலாளியின் மனச்சாட்சி. கம்பெனி நிர்வாகிகள்மேல் தொடரப்பட்ட கிரிமினல் வழக்கு 2022-இல் விடுதலையில் முடிந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்.

ஆயினும், இத்தனை குறைகள் இருந்தும், பதிவே இல்லாத சந்தையோடு ஒப்பிட்டால் பதிவுள்ள சந்தை எவ்வளவோ மேல். 2019-இல் அமெரிக்காவில் ஆவிக்குழல் மூலம் கஞ்சாச்சாறு உறிஞ்சியவர்களின் நுரையீரல் திடீர் திடீரென்று பழுதாயிற்று; 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். எண்ணெயைக் கெட்டிப்படுத்துவதற்காகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற பொருளே பிரதான காரணம் என்று தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பலர் உரிமக் கடைகளில் வாங்காமல் தெரிந்தவர், தெருவோரத்தார் ஆகியோரிடம் வாங்கியவர்கள். எங்கே தயாரானது என்று தேடிப் போவதற்கு அவர்களுடைய சரக்கின்மேல் எந்தச் சுவடும் இல்லை.

சுவடு இருந்தால் என்ன பிரயோஜனம் என்பதை நம் நாட்டிலேயே, வேறொரு மருந்து விஷயத்தில், பெரும் துயரத்தின் நடுவே கண்டோம். 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில், கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தைக் குடித்த பச்சைக் குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். எஸ்.ஆர்.-13 என்ற வரிசை எண்ணைக் கொண்டு தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் தொழிற்சாலைக்குச் சென்று மாதிரி எடுத்துச் சோதித்ததில், டைஎதிலீன் கிளைகால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது தெரிந்தது. விற்பனை உடனே தடுக்கப்பட்டது. புட்டியின்மேல் இருந்த அந்தச் சிறு எண் எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியது என்பதை யாரும் கணக்கிட முடியாது. ஆனால் அந்த எண்ணுக்கு முந்திய கட்டம், அதாவது மருந்தில் கலந்த மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, யார் சோதித்தார்கள் என்ற கட்டம், சிதைந்து கிடந்ததனால்தான் குழந்தைகள் இறந்தார்கள். கஞ்சா மருந்தின் விஷயத்தில் அந்த முந்திய கட்டம்தான் வயலும் இலையும்.

இதில் ஏழைகளின் தலையில் விழும் இன்னோர் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வடநாட்டு வெற்றிலைப் பாக்குக் கடைகளில் ஆயுர்வேத மருந்து என்ற பெயரோடு பாங்கு கலந்த உருண்டைகளும் மிட்டாய்களும் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலை தேடி வரும் பீகார், ஒடிசாத் தொழிலாளிகளின் பின்னே அந்தப் பொட்டலங்களும் வருகின்றன. கஞ்சா சாக்லேட் பிடிபட்டது, வடமாநிலத் தொழிலாளி கைது என்று பத்திரிகையில் படிக்கிறோம். அதில் இருப்பது வெறும் இலையா, பூக்கதிரா என்பதைப் பொறுத்து அந்த மனிதரின் பல ஆண்டு வாழ்க்கை நிர்ணயமாகிறது. பாங்கு வைத்திருந்ததாக பெங்களூரில் கைதான ஒருவருக்கு 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தபோது, பாங்கு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் தடைக்குள் வருவதாகக் காட்டப்படவில்லை என்பதே அடிப்படையாக இருந்தது. வக்கீல் வைக்க வசதியுள்ளவர் அவ்விதம் வெளியே வரலாம். வசதியில்லாதவர், ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரும்வரை சிறையில் இருக்கிறார். உரிம எண்ணும், வரிசை எண்ணும், சோதனைச் சான்றும் அந்தப் பொட்டலத்தின்மேல் நம்பத்தக்க விதத்தில் இருந்திருந்தால், முதல் நாளிலேயே போலீஸ் நிலையத்தில் விஷயம் தெளிந்திருக்கும்; போலி என்றால் செய்தவரைத் தேடிப் போயிருக்கலாம். டில்லியில் தமிழ்ப் பெண்மணி கையில் புரியாத புட்டியோடு நிற்கிறார். திருப்பூரில் பீகார்த் தொழிலாளி புரியாத மிட்டாயோடு நிற்கிறார். செய்து விற்றவர்கள் எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய ஏற்பாடு இந்தத் தேசத்தில் நடக்குமா, நம் சர்க்காருக்கு அத்தனை சிரத்தை உண்டா என்று கேட்கிறவர்களுக்கு நான் மதராசி கேம்பைக் காட்டுவேன். அங்கே இருந்த 370 குடும்பங்களில் யாருக்கு மாற்று வீடு என்று தீர்மானிக்க, 2015 ஜனவரி முதல் தேதிக்கு முன்பே அந்தக் குடிசையில் வசித்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, மின்சார ரசீது என்று தகரப் பெட்டிக்குள் இருந்த காகிதங்களையெல்லாம் ஜனங்கள் எடுத்து வந்தார்கள். ஒரு காகிதத்தில் பெயரின் எழுத்து மாறியிருந்தால், ஓர் ஆண்டுப் பட்டியலில் பெயர் விட்டுப்போயிருந்தால், ஐம்பது ஆண்டு வாசமும் செல்லாததாயிற்று. ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் வீடு பெறவில்லை. நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பற்றி விவாதிப்பது இங்கே என் நோக்கமன்று. ஒரு வேலைக்காரப் பெண்மணி எந்த ஆண்டில் எந்தக் குடிசையில் வசித்தார் என்பதை இவ்வளவு நுட்பமாகத் துருவிக் கேட்கத் தெரிந்த ஒரு நிர்வாகத்துக்கு, கோடிக்கணக்கில் மூலதனம் போட்டு நடத்தும் ஒரு கம்பெனியிடம், உன் புட்டியில் இருக்கும் இலை எந்த வயலில் எந்த ஆண்டில் விளைந்தது என்று கேட்கத் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்கும் திறமை இருக்கிறது. யாரிடம் கேட்பது என்ற தீர்மானம்தான் பிழையாக இருக்கிறது.

மலைநாட்டுச் சிறு விவசாயிகளுக்கு இது தாங்க முடியாத பாரமாகிவிடும் என்ற ஆட்சேபம் மட்டும் ஆழ்ந்து யோசிக்கத் தக்கது. பௌரியிலோ குல்லுவிலோ சில காணி நிலம் வைத்திருக்கிறவரை, சோதனைக் கட்டணமும் கணினிப் பதிவும் நீங்களே பாருங்கள் என்று விட்டால், பெரிய கம்பெனிகளைத் தவிர யாரும் மிஞ்சமாட்டார்கள். அமெரிக்காவில் சிறு பண்ணைக்காரர்கள் இந்தக் குறையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நௌகாவ் கூட்டுறவுச் சங்கத்தை முன்னே நான் நினைவுகூர்ந்தது இதற்காகத்தான். விளைபொருளைச் சங்கத்தின் பொதுக் கிடங்கில் சேர்த்து, அங்கேயே மாதிரி எடுத்து, அரசாங்கச் செலவில் அரசாங்கப் பரிசோதனைச் சாலையில் சோதித்து, வயலின் எண்ணையும் சோதனை முடிவையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தால், விவசாயிக்குச் சுமை இல்லை. சோதிப்பவருக்குக் கூலி கொடுப்பவர் வியாபாரி என்ற கேடும் இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து அதிகம் விற்கும் 300 மருந்துகளின்மேல் குறியீடு கட்டாயமாகிவிட்ட தேசத்தில், விஷப்பட்டியலில் உள்ள மூலிகை சேர்ந்த மருந்துகளுக்கு அதையே விதிப்பது அசாத்தியமான காரியம் அன்று. மதுப்புட்டியின்மேல் குறியீடு ஒட்டி, இயந்திரத்தால் படித்து விற்கும் உத்தரப் பிரதேச அரசாங்கம், குலுக்கலில் ஒதுக்கிய தன் பாங்குக் கடையிலும் அதைச் செய்ய முடியும். கடையில் பிரிக்காத உறையில், எடையும் ஊரும் சோதனைத் தேதியும் அச்சிட்டு விற்கச் சொன்னால், சாக்கடைக் கரையில் பறித்த இலைக்கு அந்தக் கடைக்குள் இடம் இராது.

தமிழ்நாட்டு அரசாங்கத்துக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. சித்த மருத்துவத்தைத் தன் சொந்தச் செல்வமாகக் கருதும் அரசாங்கம், அந்த எச்சரிக்கை வாசகத்தைத் தமிழிலும் அச்சிடும்படி மத்திய அரசாங்கத்தை வற்புறுத்த வேண்டும். இணையத்தின் வழியாக வெளி ராஜ்யங்களிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் விஜயா மருந்துகளை எடுத்துத் தன் சோதனைச் சாலைகளில் பரிசோதித்து, முடிவுகளை வரிசை எண்ணோடு தமிழில் வெளியிட வேண்டும். கோல்ட்ரிஃப் விஷயத்தில் குழந்தைகள் இறந்தபின் விரைந்து செய்ததை இங்கே யாரும் சாவதற்கு முன்பே செய்யலாம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இத்தகைய மருந்தை மருத்துவர் சொல்லி வாங்குவதானால், வரிசை எண்ணைச் சொல்லி அதற்குரிய பரிசோதனை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள், டி.எச்.சி. எவ்வளவு, கன உலோகம் சோதித்தார்களா என்று அதில் பாருங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். ரசீதையும் உறையையும் மருந்து தீரும்வரை பத்திரப்படுத்துங்கள். டில்லியிலும் மற்ற நகரங்களிலும் வசதியாக வாழும் நம்மவர்களை முக்கியமாக வேண்டிக்கொள்கிறேன்: உங்கள் வீட்டில் வேலை செய்ய வரும் பெண்களுக்குக் கால் வலி என்றால் வைத்தியரிடம் அழைத்துச் சென்று காட்டுங்கள், உள்ளே இருப்பது என்னவென்று உங்களுக்கே தெரியாத புட்டியை அவர்கள் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.